மூட்டைக்கு எட்டு கேன்

ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டை ஒன்று, ஐம்பது லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, சர்க்கரையைக் கொட்டி, கலங்கல் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறி, துணியில் வடிகட்டி ஆறவைத்தால் பத்து லிட்டர் கேனில் எட்டு கேன் பாகு வரும். எட்டுக்கு மேலே ஒரு டம்ளர் அண்டாவின் அடியில் நிற்கும். அது வீட்டு டீக்கு. பதினோரு வருடமாக இந்தக் கணக்கு பிசகியதே இல்லை. அதனால் அன்று விடியற்காலையில் எட்டு கேனையும் நிரப்பி அனுப்பிய பிறகு, அண்டாவின் அடியில் முழுசாக இரண்டு செம்புப் பாகு மிஞ்சிக் கிடந்ததைப் பார்த்தபோது பாகம்மாவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. சும்மா வந்ததை யார் வேண்டாம் என்பார்கள்? அப்புறம்தான் கணக்கு உறைத்தது.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கும் சந்தைக்கும் ஜூஸ்கடைகளுக்கும் அவள் பாகம்மா. பாகு என்றதும் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பதமே இல்லாத பாகு. ஐஸ் தண்ணீரில் சர்க்கரை லேசில் கரையாது. எலுமிச்சைச் சாற்றிலும் பழச்சாற்றிலும் ஊற்றிய மாத்திரத்தில் கலக்க வேண்டுமென்றால் சர்க்கரையை முன்னாலேயே கரைத்து வைத்திருக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

“சக்கரைத் தண்ணி காய்ச்ச ஒரு ஆளா?” என்று ஒரு ஜூஸ்கடைக்காரர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் தானே காய்ச்சியும் பார்த்தார். சர்க்கரை போட்ட பிறகும் தீயை எரியவிட்டதில் பாகு மஞ்சளாகிக் கருகல் வாடை அடித்தது. அடுத்த தடவை தண்ணீரைக் குறைத்தார். கேனுக்குள் கற்கண்டு விளைந்தது. அதற்கடுத்த தடவை தண்ணீரைக் கூட்டினார். மூன்றாம் நாள் நுரைத்துப் புளித்து, மூடி எகிறிப் போய் அவர் கல்லாப்பெட்டி மேலேயே விழுந்தது. நாலாவது தடவை அவர் பாகம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். அன்றிலிருந்து வேறு யாரிடமும் அவர் பாகு வாங்கியதில்லை.

பாகம்மாவின் சொத்து அவள் மூக்கு. ஒரு கேன் புளிக்கப் போகிறது என்றால் இரண்டு நாள் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். கழுவி வைத்த கேனுக்குள் மூக்கை நுழைத்து, “இதுல சோப்பு நிக்குது”, “இது மூடி சரியா காயலை” என்று தள்ளி வைப்பாள். மூட்டையைப் பிரித்ததும் ஒரு தடவை, கிளறும்போது ஒரு தடவை, வடிகட்டும் துணியை ஒரு தடவை, நிரப்பும் முன்னால் ஒவ்வொரு கேனையும் ஒரு தடவை. மோந்து பார்க்காமல் அவள் கையிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகாது. “பாகம்மா மோந்தா போதும், லேப் டெஸ்ட் தேவையில்லை” என்று ஜூஸ்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த மூக்கு ஒன்றரை மாதமாக வேலை செய்யவில்லை. நாலு நாள் காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது வாசனையையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. சளி இருக்கும், வந்துவிடும் என்று ஒரு வாரம் இருந்தாள். ஆவி பிடித்தாள். ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. மூக்குப் போன பாகம்மாவிடம் யார் பாகு வாங்குவார்கள்? புருஷனுக்கு முதுகு பிசகி மூட்டை தூக்கும் வேலை போன பிறகு இந்தக் குடும்பம் நிற்பதே இந்தப் பாகின் மேல்தான். அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. முன்பு போலவே மூட்டையை மோந்தாள், துணியை மோந்தாள், கேனுக்குள் மூக்கை நுழைத்து, “ம், நல்லாருக்கு” என்று சொன்னாள். ராத்திரியில் மட்டும் மூன்று தடவை எழுந்துபோய் கேஸ் அடுப்பின் குமிழைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.

வீட்டில் இன்னொரு ஆள் உண்டு. புருஷனின் தங்கை. வயது நாற்பத்திரண்டு ஆனாலும் அந்த வீட்டில் அவள் பெயர் பாப்பா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கட்டிக்கொண்டவன் சரியில்லை என்று அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. கேன் கழுவுவது அவள் பொறுப்பு. கழுவுவது என்றால் சும்மா இல்லை, ஆஸ்பத்திரிக் கழுவல். தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒவ்வொரு கேனையும் நிரப்பி ஊறவைக்க முடியாது. அதனால் புளித்துத் திரும்பி வந்த கேன் எதுவோ அதில் மட்டும் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவைத்த தண்ணீரை இரண்டு செம்பு ஊற்றி, மூடி, தரையில் படுக்கவைத்து விடுவாள். போகும்போதும் வரும்போதும் காலால் ஓர் உருட்டு உருட்டி விடுவாள். உள்ளே எல்லாப் பக்கமும் ஊறிவிடும். காலையில் கொட்டி, மூன்று தடவை அலசி, மூடியில்லாமல் கவிழ்த்து வைப்பாள். கவிழ்ந்திருந்தால் சுத்தம், படுத்திருந்தால் ஊறுது. அந்தக் கொல்லையில் அதுதான் சட்டம்.

இந்த இரண்டு பேருக்கும் பதினோரு நாளாகப் பேச்சு இல்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பால்தான். அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருக்கிறது. பாகம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். வாசலிலிருந்தே வாடை பிடித்து ஓடி வந்த பாப்பா அடுப்பை அணைத்துவிட்டு, “மூக்கு எதுக்கு இருக்கு அண்ணி, கண்ணாடி மாட்ட மட்டுமா?” என்று கேட்டுவிட்டாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் பாகம்மா சிரித்திருப்பாள். அன்று அது சுருக்கென்று தைத்தது. “அண்டி வந்தவங்க வாயை அளந்து பேசணும்” என்றாள். சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு அள்ள முடியாது. அதற்குப் பிறகு பாப்பா துணிக்கொடியிடமும் விளக்குமாறிடமும்தான் பேசினாள். “சோப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லணும்” என்று விளக்குமாறு மூலம் செய்தி வரும். பாகம்மா காதில் விழாத மாதிரி குழாயைத் திறந்து விடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஓட்டப் பந்தயம். பத்து கிலோமீட்டர். மைதானத்தில் ஓடி முடிக்கிறவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுக்கும் ஆர்டர் ஜூஸ்கடைக்காரருக்கு. எட்டு கேன் பாகு ஆறு மணிக்குள் மைதானத்துக்கு வந்து சேர வேண்டும் என்று சனிக்கிழமை மத்தியானம் அவர் சொல்லி அனுப்பினார். வழக்கமாக கேன் நிரப்புவது ஏழு மணிக்குத்தான். நாளைக்கு நாலரைக்கே நிரப்புகிறோம் என்று பாப்பாவிடம் யார் சொல்வது? பாகம்மா சொல்லவில்லை. இருக்கிற எட்டு கேனில் ஒன்று ஊறுகிறது என்று பாப்பா கொல்லையில் துணிக்கொடியிடம் என்னமோ சொன்னாள். பாகம்மா குழாயைத் திறந்துவிட்டாள்.

நாலரைக்கு, அடுப்பிருக்கும் தகரக் கொட்டகையின் மங்கலான பல்பு வெளிச்சத்தில், ராத்திரியே காய்ச்சி ஆறவைத்த பாகை நிரப்ப, பாகம்மாவின் வீட்டுக்காரர் கொல்லையிலிருந்த கேன்களை நாலு நாலாகக் கயிற்றில் கோத்துத் தூக்கி வந்து வைத்தார். பாகம்மா ஒவ்வொன்றாக எடுத்து மூக்கை நுழைத்தாள்.

“நல்லாருக்கா?” என்று அவர் புனலைப் பிடித்தபடி கேட்டார்.

“ம், நல்லாருக்கு.”

எட்டு தடவை கேட்டார். எட்டு தடவையும் அதே பதிலைத்தான் சொன்னாள்.

அவர் வண்டியில் கேன்களைக் கட்டிக்கொண்டு போய்க் கால்மணி நேரம் ஆகியிருக்கும். அண்டாவைக் கழுவப் போனவள்தான் அந்த இரண்டு செம்பைப் பார்த்தாள். மூட்டையில் சர்க்கரை கூட வந்திருக்குமா? தராசில் அவளே நிறுத்துப் போட்டாள். தண்ணீர் கூடியிருக்குமா? அளந்து ஊற்றியது அவள் கைதான். ஏதாவது ஒரு கேன் குறைவாக நிரம்பியதா? எட்டும் கழுத்துவரை நிரம்பியதைக் கண்ணால் பார்த்தாள். ஒரு கேனுக்கு மட்டும் மூடி போட்டிருந்ததும், வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் அதைத் திருகி எடுத்ததும் இப்போதுதான் உறைத்தது. அப்படியானால் எட்டில் ஏதோ ஒன்றுக்குள் ஏற்கெனவே இரண்டு செம்பு ஏதோ இருந்திருக்கிறது. அந்த ‘ஏதோ’ என்னவென்று மனசு சொல்வதற்கு முன்னால் கால்கள் கொல்லைக்கு ஓடின.

அங்கே பாப்பா, வேலைக்குப் போகிற கருநீலச் சேலையோடு, கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கேன் படுத்திருந்த இடம் காலியாக இருந்தது.

“இங்க இருந்த கேனைக் காணோம்னு சொல்ல வேண்டியவங்ககிட்ட...” என்று துணிக்கொடியைப் பார்த்து ஆரம்பித்தாள்.

“பாப்பா,” என்றாள் பாகம்மா. பதினோரு நாளுக்குப் பிறகு நேருக்கு நேராக. “அதுல என்ன ஊத்தியிருந்த?”

பாப்பா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது.

“ஐயையோ அண்ணி. அதை நிரப்பிட்டீங்களா?”

“நிரப்பி அனுப்பிட்டேன்.”

“மோந்து பார்க்கலையா?”

பாகம்மா கேன் படுத்திருந்த தடத்தைப் பார்த்தாள்.

“ரொம்ப நாத்தம் அடிச்ச கேன், அதனால ரெண்டு மடங்கு கெட்டியா கரைச்சு ஊத்தியிருந்தேன். அதுக்கு மேல எலுமிச்சங்காயை வேற பிழிவாரே அந்த மனுஷன்! பிளீச்சிங்கும் புளிப்பும் ஒண்ணா சேரவே கூடாதுன்னு எங்க ஆஸ்பத்திரியில சுவர் பூரா எழுதிப் போட்டிருக்கு. கண்ணு எரியும், நெஞ்சை அடைக்கும். ஓடி வந்து மூச்சு வாங்கிட்டு நிக்கிறவன் மடக்குமடக்குன்னு குடிச்சான்னா...”

பாகம்மா உள்ளே ஓடிப் புருஷனுக்குப் போன் போட்டாள். போன் பக்கத்து அறையிலேயே சார்ஜரில் கிடந்து பாடியது. ஜூஸ்கடைக்காரர் நம்பர் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. அதன் பூட்டைத் திறக்க அவளுக்கும் தெரியாது, பாப்பாவுக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஏதேதோ கோடு இழுத்துப் பார்த்தார்கள். ஐந்தாவது கோட்டுக்கு அது ‘பிறகு முயற்சிக்கவும்’ என்று சொல்லிவிட்டது.

“நடங்க, ஆட்டோ பிடிப்போம்,” என்றாள் பாப்பா.

பந்தயத்துக்காகப் பெரிய ரோட்டை அடைத்திருந்தார்கள். ஓர் ஆட்டோ இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. கயிறு கட்டிய ரோடு இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. மைதானம் இரண்டு கிலோமீட்டர். பாகம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள், கயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனாள், ஓட ஆரம்பித்தாள். பின்னாலேயே பாப்பா.

ஐம்பதை எட்டப்போகிற ஒருத்தியும் நாற்பத்திரண்டு வயதுக்காரி ஒருத்தியும் செருப்போடு ஓடினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ரோட்டோரம் தண்ணீர் பாட்டிலோடு நின்ற கூட்டம் அவர்களைப் பார்த்துக் கை தட்டியது. “சூப்பர்க்கா! விடாதீங்க! நீங்கதான் ஃபர்ஸ்ட்டு!” என்று ஒருத்தன் கத்தினான். ஒரு பெண் ஓடிவந்து பாப்பாவின் கையில் ஆரஞ்சுச் சுளையைத் திணித்தாள். பாப்பா அதை வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

“பாப்பா,” என்றாள் பாகம்மா இரைத்துக்கொண்டே. “அங்க போனதும்... எந்தக் கேனுன்னு... நீதான் மோந்து சொல்லணும்.”

“ஏன், நீங்க?”

“எனக்கு மூக்கு போயிடுச்சு.”

“எங்க போச்சு?”

“காய்ச்சல் வந்ததுலேர்ந்து ஒண்ணும் தெரியலை பாப்பா. பாலு கருகினதும் தெரியலை. பிளீச்சிங்கும் தெரியலை. எதுவும் தெரியலை.”

பாப்பா நின்றே விட்டாள். பாகம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். திரும்ப ஓடினார்கள். 

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்படிக் கேட்டிருப்பேனா அண்ணி?”

“உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடும்.”

“அது சரிதான்,” என்று ஒத்துக்கொண்டாள் பாப்பா. இன்னும் பத்தடி ஓடினாள். “ஆனா அண்ணி, நானும் ஒண்ணு சொல்லணும். பிளீச்சிங் வாடை மட்டும் எனக்குச் சரியா தெரியாது.”

“என்னது?”

“பத்து வருஷமா நாள் பூரா அதுலயே கிடக்கேன். காத்து மாதிரி ஆயிப்போச்சு. மத்தவங்க மூக்கைப் பொத்திக்கிற இடத்துல எனக்கு ஒண்ணுமே தெரியறதில்லை. கேன்ல இருந்தாலும் கண்டுபிடிப்பேனான்னு... சத்தியமா சொல்ல முடியலை.”

பாகம்மாவுக்கு உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. இத்தனை பெரிய ஊரில் போயும் போயும் இந்த இரண்டு மூக்குதானா கிடைத்தது என்று நினைத்தாள். உட்கார நேரமில்லை. பின்னால் தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. பந்தயம் தொடங்கிவிட்டது.

மைதானத்தின் ஓரத்தில் துணிப்பந்தல். நீல நிற டிரம் ஒன்றில் ஐஸ் கட்டிகள் மிதந்தன. கடையாட்கள் இரண்டு பேர் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார்கள். ஜூஸ்கடைக்காரர் நீளக் கரண்டியால் டிரம்மைக் கலக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் காலிக் கேன்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். காலி மூன்று, நிரம்பியது ஐந்து. பாகம்மாவின் கண் முதலில் எண்ணியது அதைத்தான்.

“என்ன, ரெண்டு பேரும் ஓட்டப் பந்தயத்துல சேர்ந்துட்டீங்களா?” என்று சிரித்த வீட்டுக்காரர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“யாரும் குடிக்கலையே? யாரும் குடிச்சாங்களா?” என்றாள் பாகம்மா.

“இன்னும் யாரும் வரலையேம்மா,” என்றார் ஜூஸ்கடைக்காரர். “என்ன விஷயம்?”

பாப்பாதான் சொன்னாள். கேன் ஊறியது, அண்ணன் அதைத் தூக்கி வந்தது, இரண்டு செம்பு மிஞ்சியது, எலுமிச்சை சேர்ந்தால் என்ன ஆகும் என்பது, எல்லாம் ஒரே மூச்சில். ஜூஸ்கடைக்காரர் கரண்டியை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

“நான் ஒரு வாய் குடிச்சேனே! இனிப்பு சரியா இருக்கான்னு பார்க்க ஒரு வாய் குடிச்சேனே! குழாய்த் தண்ணி வாடை அடிக்குதேன்னு நினைச்சேன். ஐஸ்காரனைத் திட்டினேனே!”

“ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆகாது. நிறைய தண்ணி குடிங்க,” என்றாள் பாப்பா. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தார். கடையாட்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எலுமிச்சையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

பாட்டிலை வைத்துவிட்டு அவர் பாகம்மாவைப் பார்த்தார். “அது டிரம்முக்குள்ள போயிடுச்சா, இல்லை இந்த அஞ்சுல இருக்கா? இங்க நிக்கிற எங்க எல்லார் மூக்குலயும் எலுமிச்சை ஏறிப்போச்சு, ஒண்ணும் புடிபடாது. இன்னும் அரைமணியில முதல் ஆள் வந்துடுவான். நீங்க மோந்து சொல்லுங்கம்மா. நீங்க சரின்னு சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு ஊத்துவேன்.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் ஒரு கேனின் மூடியைத் திருகித் திறந்து அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். பதினோரு வருடப் பழக்கத்தில் அவள் கழுத்து தானாகக் குனிந்தது. குனிந்தவள் அப்படியே நின்றாள். இப்போதுகூட ஒரு வழி இருந்தது. டிரம்மையும் ஐந்து கேனையும் மோந்த மாதிரி மோந்து, எல்லாவற்றிலும் வாடை வருகிறது, எல்லாவற்றையும் கொட்டுங்கள் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. மூக்கின் பெயரும் நிலைக்கும். ஆனால் ஓடி வருகிறவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் இருக்கும். அத்தனை பேருக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பது இந்த மனுஷனாக இருப்பார். இரண்டு செம்பு பாகு மிஞ்சியதற்கே சந்தோஷப்பட்ட அவளால் ஐந்து கேன் நல்ல பாகை மண்ணில் ஊற்றச் சொல்ல முடியவில்லை.

“எனக்கு வாசனை தெரியாதுங்க,” என்றாள். “ஒண்ணரை மாசமாச்சு.”

“என்னம்மா சொல்றீங்க?”

“காய்ச்சல்ல போச்சு. காலையில எட்டு கேனையும் மோந்தேன். எட்டும் எனக்கு ஒண்ணுதான். உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லலை. பயமா இருந்துச்சு.”

 வீட்டுக்காரரின் கையிலிருந்த மூடி கீழே விழுந்து உருண்டு போனது. அவர் அதை எடுக்கவில்லை.

“ஒரு பெரிய தட்டு குடுங்க,” என்றாள் பாகம்மா.  “எவர்சில்வர் தட்டு. ஒரு ஸ்பூன்.”

டம்ளர் அடுக்கும் நீளத் தட்டு ஒன்று வந்தது. அதைப் பாப்பாவின் இரண்டு கையிலும் சமமாகப் பிடிக்கக் கொடுத்தாள். ஐந்து கேனிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து ஓர் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். காலிக் கேன் மூன்றையும் கவிழ்த்துத் தட்டி, அடியில் ஒட்டியிருந்ததை ஸ்பூனில் பிடித்து, அதே வரிசையில் மூன்று சொட்டு. தட்டில் எட்டு சொட்டுகள். எது எந்தக் கேன் என்று விரலால் தொட்டுத் தொட்டு ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

“தண்ணி கலந்த பாகு நிக்காதுங்க, ஓடும்,” என்றாள். “தூக்கு பாப்பா. மெதுவா.”

தட்டின் ஓரம் உயர்ந்தது. எட்டு சொட்டும் கொஞ்ச நேரம் யோசித்தன. பிறகு இறங்க ஆரம்பித்தன. ஏழு சொட்டு தோளோடு தோளாக, கனமாக, அவசரமில்லாமல் வந்தன. கடைசியிலிருந்து இரண்டாவது மட்டும் கோடு கிழித்துக்கொண்டு முன்னால் ஓடி, தட்டின் அந்த ஓரத்தைத் தாண்டி, பாப்பாவின் கட்டை விரலில் விழுந்தது.

“காலியில ரெண்டாவது,” என்றாள் பாகம்மா.

“இருங்க, சும்மா சொல்லக் கூடாது,” என்ற பாப்பா, அந்தக் கேனின் அடியில் மிச்சமிருந்ததைத் தன் கருநீலச் சேலையின் முந்தானை முனையில் ஊற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் அந்த முனையைச் சுற்றிக் குனிந்தார்கள். முதலில் வெறும் ஈரம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நீலம் சிவந்தது, அப்புறம் வெளுத்தது. புள்ளி புள்ளியாக வெள்ளை எட்டிப் பார்த்தது. “போச்சு. யூனிபாரம் சேலை,” என்றாள் பாப்பா.

டிரம்மை நாலு பேர் சேர்ந்து பந்தலுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் கவிழ்த்தார்கள். மூன்று கேன் பாகும் ஒரு கூடை எலுமிச்சையும் ஐஸ் சலசலக்க ஓடிப்போனது. டிரம்மை ஐந்து தடவை அலசச் சொல்லிப் பாப்பா பக்கத்திலேயே நின்றாள். ஐந்து கேனைக் கொண்டு புதுசாகக் கலந்தார்கள். கொஞ்சம் புளிப்புத் தூக்கலாக, கொஞ்சம் இனிப்பு குறைவாக. ஓடி வருகிறவனுக்கு அது போதும் என்றார் ஜூஸ்கடைக்காரர். அதற்கு மேல் பாகம்மாவிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளைக்கு எத்தனை கேன் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, “அப்புறம் பேசிக்கலாம்,” என்றார். அப்புறம் பேசிக்கலாம் என்றவர்களில் பேசினவர்களும் உண்டு, பேசாமலே போனவர்களும் உண்டு. இவர் எந்த வகை என்று பாகம்மாவுக்குப் புரியவில்லை.

முதல் ஓட்டக்காரன் வந்தான். வியர்வையில் நனைந்து, முட்டியில் கையை ஊன்றி நின்றான். பேப்பர் கப்பை வாங்கினான். அவன் தொண்டை ஏறி இறங்குவதை பாகம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கப்பைக் கசக்கிப் போட்டுவிட்டு, “இன்னொண்ணு,” என்று கையை நீட்டினான். அதற்குப் பிறகு அவர்கள் கூட்டமாக வந்தார்கள். அவள் ஒவ்வொரு தொண்டையாகப் பார்த்தாள். யாராவது இருமினால் எழுந்துவிட்டாள். பாப்பா அவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“அது புரை ஏறினது அண்ணி. சும்மா உட்காருங்க.”

வீட்டுக்காரர் வந்து எதிரே நின்றார். முகம் சிவந்திருந்தது.

“ஒண்ணரை மாசமா?”

“ஆமாங்க.”

“என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?”

“ஆர்டர் எல்லாம் போயிடும்னு...”

“ஆர்டர் போனா போகுது!” என்று அவர் கத்தியதில் கப் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.  “தினமும் விடியற்காலையில தனியா எழுந்து அந்தத் தகரக் கொட்டகையில அடுப்பைப் பத்த வைக்கிறியே. மூணு சிலிண்டர் இருக்கு அங்க. ஒண்ணு கசிஞ்சிருந்தா? குச்சியைக் கிழிச்சிருப்பியே நீ. நான் தூங்கிட்டுல்ல இருந்திருப்பேன்!”

 ஒன்றரை மாதமாக அவள் பாகுக்குப் பயந்தாள், பெயருக்குப் பயந்தாள், அடுப்புக்குக்கூடப் பயந்தாள். இந்த மனுஷன் எதை நினைத்துப் பயப்படுவார் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

“நாளையிலேர்ந்து அடுப்பை நான் பத்த வைக்கிறேன்,” என்றாள் பாப்பா, வெளுத்துப்போன முந்தானை முனையைக் கசக்கிக்கொண்டே. “பிளீச்சிங்தான் தெரியாது. கேஸ் நல்லா தெரியும். நீங்க அப்புறமா எழுந்து வாங்க அண்ணி.”

“உனக்கு அஞ்சு மணிக்கு மேலதானே விடியும்,” என்றாள் பாகம்மா. பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பதினோரு நாளும் அந்தச் சிரிப்போடு முடிந்தது.

வீட்டுக்காரருக்குக் கோபம் இறங்கியது. கத்தியது அவருக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். சட்டையைக் கழுத்தருகே இழுத்துத் தன்னையே மோந்து பார்த்துக்கொண்டு, சமாதானத்துக்கு ஒரு விளையாட்டு வார்த்தையாகக் கேட்டார்.

“அப்போ என் வேர்வை நாத்தத்துலேர்ந்தும் தப்பிச்சுட்டேன்னு சொல்லு. ஒண்ணரை மாசமா நிம்மதியா தூங்கியிருப்பியே.”

அவள் சிரிக்கவில்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

“எங்கேங்க தூங்கினேன்?” என்றாள். “கண்ணை மூடினா பக்கத்துல படுத்திருக்கறது யாருன்னே தெரியலை.”

 காலிக் கேன்களை எடுக்கக் குனிந்தவர், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.